அண்ணன் நிறுத்திய மாத்திரை

மஞ்சளுக்கு மண் அணைக்கிற வேலை இருந்ததால ரெண்டு வாரமா எழுத முடியலை. இந்த வாரம் வெள்ளாமை பத்தி எழுதலை, ஒரு மாத்திரை பத்தி எழுதறேன். மாத்திரை பத்தி எழுத நீ என்ன டாக்டரான்னு கேட்டா, இல்லைதான். பன்னெண்டாவதோட நின்னவன். ஆனா இந்த மாத்திரைக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. அதனால டாக்டரம்மாகிட்ட குடைஞ்சு குடைஞ்சு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதறேன்.

எங்க அண்ணன் என்னைவிட ஏழு வயசு மூத்தவர். எங்களுது கீழ்பவானி வாய்க்கால் பாசனம். தண்ணி விட்டாங்கன்னா முறை ராத்திரியில கூட வரும். ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டும் மண்வெட்டியும் எடுத்துட்டுப் போய் தண்ணி கட்டறதுல அவரை மிஞ்ச எங்க பக்கம் ஆளில்லை. நாலு வெட்டு வெட்டி ஒரு மடையை அடைச்சு அடுத்த பாத்திக்குத் திருப்பிருவார்.

2018-ல ஒரு மருத்துவ முகாம்ல அவருக்கு ரத்தக்கொதிப்புன்னு சொல்லி அம்லோடிபின்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. 5 மில்லிகிராம், தினமும் ஒண்ணு. எட்டு மாசம் ஒழுங்காப் போட்டார். அப்புறம் ஒரு நாள் மாத்திரை தீந்து போச்சு. வேலை நேரம், வாங்கப் போகலை. ரெண்டு நாள் போச்சு, மூணு நாள் போச்சு, உடம்புக்கு ஒண்ணும் பண்ணலை.

"பாத்தியாடா, மாத்திரை இல்லாமயே நல்லாத்தான் இருக்கறேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. அப்புறம் எதுக்கு அந்தக் கருமம்?"

அப்படியே விட்டுட்டார். நானும் சரின்னுதான் நினைச்சேன்.

2019 மாசி மாசம், மஞ்சள் வேக வைக்கிற அன்னிக்குக் காலையில ஏழு மணி இருக்கும். கையில இருந்த மண்வெட்டி நழுவிக் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் பார்த்தார், முடியலை. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. ஒருத்தர் தண்ணி குடுங்கன்னார். இன்னொருத்தர் பழைய பிரஷர் மாத்திரை இருந்தா நாக்குக்கு அடியில வைங்கன்னார். எண்ணெய் தேய்ச்சாச் சரியாப் போகும்னு ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, வாதத்துக்கு எண்ணெய் போடற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். கடைசியில 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மத்தியானம் ஒரு மணி. பிரஷர் 210/120 இருந்துச்சு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கட்டியைக் கரைக்கிற ஊசின்னு ஒண்ணு இருக்காம். அதை நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் போடலாமான்னு பார்ப்பாங்களாம். நாங்க ஆறு மணி நேரம் கழிச்சுப் போனோம்.

உசுரு தங்கிருச்சு. வலது கை திரும்பி வரலை. மாத்திரையை விட்டதாலதான் வந்துச்சான்னு கேட்டதுக்கு அங்க இருந்த டாக்டர், "அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு பிரஷரோட நடமாடினா என்னிக்கு வேணாலும் வரலாம்"னார்.

இனி என் கதை. 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கே வந்து சக்கரை, பிரஷர் பார்த்து மாத்திரையும் குடுக்கற திட்டம். அடுத்த வருசம் எங்க ஊருக்கு வர்ற அம்மணி எனக்குப் பட்டையைக் கட்டிப் பார்த்துட்டு முகத்தைச் சுருக்கிச்சு.

"அண்ணா, 172/104 காட்டுது. கொஞ்சம் உக்காந்திருங்க, மறுபடி பார்க்கறேன்."

மறுபடியும் அதேதான். எனக்கும் ஒரு வலி இல்லை, ஒரு கிறுகிறுப்பு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அதே அம்லோடிபின். அண்ணனை நினைச்சு ஒரு நாள் விடாமப் போட்டேன். 5-ல சரியா இறங்கலைன்னு 10 ஆக்கினாங்க. பிரஷர் இறங்குச்சு. ஆனா மூணாவது மாசம் கணுக்கால் வீங்க ஆரம்பிச்சுருச்சு. சாயங்காலம் விரலை வச்சு அமுக்கினா குழி விழும்.

பங்காளி ஒருத்தர் பார்த்துட்டு, "இது கிட்னி போற அறிகுறி. உடனே மாத்திரையை நிறுத்து"ன்னார். சென்னையில இருக்கற சொந்தக்காரப் பையன் போன்ல பார்த்து, "மாமா, இது கால்சியத்தைத் தடுக்கற மாத்திரைன்னு போட்டிருக்கு"ன்னான். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. கால்சியத்தைத் தடுத்தா எலும்பு என்னத்துக்கு ஆகும்? நாளையில இருந்து வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்காரிதான் விடலை. "ஏனுங்க, உங்க அண்ணனும் இப்படித்தானுங்க பேசினாரு. நிறுத்தறதுன்னா டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டு நிறுத்துங்க"ன்னா.

டாக்டரம்மாவுக்கு எங்க மூத்த பொண்ணு வயசுதான் இருக்கும். சிறுநீரும் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்தாங்க, ஈசிஜி பார்த்தாங்க. கிட்னியும் இதயமும் நல்லாத்தான் இருக்குன்னாங்க. அன்னிக்குக் கூட்டம் கம்மி. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாப் பதில் சொன்னாங்க.

ரத்தக்குழாய் நாம பதிக்கற பிளாஸ்டிக் குழாய் மாதிரி இல்லீங்களாம். அதோட சுவத்துல வளையம் வளையமாச் சதை இருக்கு. அந்தச் சதை இறுகினா குழாய் சுருங்கும், தளர்ந்தா விரியும். மோட்டார் ஓடறப்ப கேட் வால்வை முக்கால்வாசி மூடிப் பாருங்க, குழாய்க்குள்ள அழுத்தம் எகிறும். உடம்புல மோட்டார் இதயம். குழாய் சுருங்கியே கிடந்தா மோட்டாரும் முக்கிக்கிட்டே ஓடணும், குழாயும் அடி வாங்கிக்கிட்டே இருக்கணும்.

அந்தச் சதை இறுகறதுக்குக் கால்சியம் வேணும். செல்லுக்கு வெளியில இருக்கற கால்சியம், உள்ள இருக்கறதைப் போல பத்தாயிரம் மடங்கு அதிகமாம். இதைக் கேட்டதும் எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி மேல நிக்குது, வயல் பள்ளத்துல இருக்கு. மடையைத் திறந்தாப் போதும், தானாப் பாயும். செல்லோட சுவத்துலயும் அந்த மாதிரி கால்சியத்துக்குன்னே மடைகள் இருக்கு. அது திறக்கறப்ப கால்சியம் உள்ள பாயுது, சதை இறுகுது. அம்லோடிபின் போய் அந்த மடையில உக்காந்துக்குது. முழுசா அடைக்கறதில்லை, பாயற அளவைக் குறைக்குது. சதை தளருது, குழாய் விரியுது, அழுத்தம் இறங்குது. இதயத்துக்கே ரத்தம் குடுக்கற குழாயும் விரியறதால, நடந்தா நெஞ்சை அழுத்திப் பிடிக்கற மாதிரி வலி வர்றவங்களுக்கும் இதையே குடுக்கறாங்களாம்.

"அப்ப கை கால் சதையும் தளர்ந்து போயிராதுங்களா?"ன்னு கேட்டேன்.

"நல்ல கேள்விங்க ஐயா. கை கால் சதை தனக்கு வேணுங்கற கால்சியத்தை உள்ளுக்குள்ளயே சேத்து வச்சிருக்கு. வெளியில இருந்து வர்றதை நம்பி இல்லை"ன்னாங்க.

கிணத்துப் பாசனக்காரனுக்கு வாய்க்கால் அடைச்சா என்ன? அந்தக் கதைதான்.

எலும்பு சங்கதியும் கேட்டேன். உடம்புல இருக்கற கால்சியத்துல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு எலும்புலயும் பல்லுலயும் இருக்கு. இந்த மாத்திரை அதைத் தொடறதில்லை. சதையில இருக்கற மடையோடதான் அதுக்கு வேலை. பாலும் மோரும் ராகியும் தாராளமாச் சாப்பிடலாம். உப்பைத்தான் குறைக்கச் சொன்னாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள்ள இருக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குலதான் வருது. உடம்பு வலிக்குன்னு மருந்துக்கடையில நாமளா வாங்கற வலி மாத்திரைகளும் பிரஷரை ஏத்துமாம். களை வெட்டின அன்னிக்கு ராத்திரி நான் போடறது அதுதான். அதையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க.

கால்சியத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்ச கதையையும் சொன்னாங்க. லண்டன்ல சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர். தவளையோட இதயத்தைத் தனியா எடுத்து உப்புக் கரைசல்ல வச்சுத் துடிக்க வச்சுப் பார்த்துட்டு இருந்தார். ஒரு தடவை நல்லாத் துடிச்சுது, காய்ச்சி வடிச்ச சுத்தமான தண்ணியில கரைசல் பண்ணினப்ப நின்னு போச்சு. என்னடான்னு பார்த்தா, முன்னால பண்ணினது குழாய்த் தண்ணியில. அதுல இருந்த கால்சியம்தான் துடிக்க வச்சிருக்கு. 1883-ல இதை எழுதினார். நம்ம போர்த் தண்ணியைக் காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையாப் படியுதே, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான். அப்புறம் 1960-கள்ல ஜெர்மனியில ஃபிளெக்கன்ஸ்டைன்னு ஒருத்தர், சில மருந்துங்க இந்தக் கால்சியத்தோட வேலையைத் தடுத்துத்தான் பலன் குடுக்குதுன்னு கண்டுபிடிச்சார்.

சரி, கால் ஏன் வீங்குச்சு? மாத்திரை ரத்தம் கொண்டு போற சின்னக் குழாயை விரிக்குது. திரும்பி வர்ற குழாயை அந்த அளவுக்கு விரிக்கறதில்லை. வாய்க்காலை அகலப்படுத்திட்டு வடிகாலை அப்படியே விட்டா வரப்போரம் ஓதம் காக்கும் இல்லீங்களா? அதே மாதிரி தண்ணி கசிஞ்சு, பள்ளமான எடத்துல, அதாவது கணுக்கால்ல நிக்குது. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். எனக்கு 10-ஐ மறுபடி 5 ஆக்கி, கூட டெல்மிசார்ட்டன்னு இன்னொரு மாத்திரை சேத்தாங்க. மூணு வாரத்துல வீக்கம் வத்திருச்சு. அதுக்காகக் கால் வீக்கம்னாலே மாத்திரையாலதான்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. கிட்னி, இதயக் கோளாறாலயும் வரும். பரிசோதிச்சாத்தான் தெரியும்.

கடைசியா அண்ணன் கதையைச் சொன்னேன். நிறுத்தி மூணு நாளாகியும் ஒண்ணும் ஆகலைங்களேன்னேன்.

"அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாத்தான் வெளிய போகும் ஐயா. பாதி குறையவே ஒண்ணரை நாள், ரெண்டு நாள் ஆகும். அதனாலதான் தினம் ஒரு மாத்திரை போதுமா இருக்கு. ஆரம்பிக்கறப்பவும் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல ஆகும்"னாங்க.

எனக்குப் பேச்சே வரலை. தண்ணி பாய்ச்சி நாலு நாளைக்கு மண்ணுல ஈரம் இருக்கும். பயிர் வாடாது. அதைப் பார்த்துட்டு இந்தப் பயிருக்குத் தண்ணியே வேண்டாம்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். அண்ணன் அன்னிக்கு நல்லா இருந்தது பழைய மாத்திரையோட ஈரத்துல. அப்புறம் பிரஷர் மெல்ல மெல்ல ஏறினது அவருக்குத் தெரியலை. ஏறினாத் தெரியாதுங்கறதுதான் இந்த நோயோட குணமே.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க மாமியாருக்கு இதயம் தாறுமாறாத் துடிக்குதுன்னு டில்டியாசெம்னு ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. அதுவும் இதே குடும்பம்தான். ஆனா அதுவும் வெரப்பமில்லும் இதயத்தோட துடிப்பையே மெதுவாக்கற ரகம். அம்லோடிபின் பெரும்பாலும் குழாயோட நிக்கும். கிராமத்துல பிரஷர் மாத்திரை தீந்து போச்சுன்னாப் பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு அது மட்டும் வேண்டாம். ஒருத்தருக்கு நல்லது பண்ணற மாத்திரை இன்னொருத்தருக்குத் துடிப்பை ரொம்பக் குறைச்சுரும்.

இப்ப எனக்கு 130/84 இருக்கு. அண்ணனும் இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள் விடாமப் போடறார். ஒத்தைக் கையால அட்டையில இருந்து மாத்திரையைப் பிதுக்க முடியாது. அண்ணிதான் பிதுக்கித் தருவாங்க. எங்க பக்கம் அண்ணியை நங்கையான்னு சொல்லுவோம். நங்கையா மறந்தாலும் அவரே இடது கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்குவார்.

தண்ணி முறை வந்தா இப்ப நான்தான் மண்வெட்டி பிடிக்கறேன். அவர் வரப்புல நாற்காலி போட்டு உக்காந்துக்குவார். பேச்சு குழறும். ஆனா நான் மடையைச் சரியா அடைக்கலைன்னா, "இன்னும் ரெண்டு வெட்டு போடுறா"ன்னு போடற சத்தம் மட்டும் தெளிவாக் கேக்கும்.

டவுன்ல இருக்கறவங்க ஊருக்குப் போன் பண்ணறப்ப அப்பா அம்மாகிட்டச் சாப்பிட்டீங்களான்னு கேப்பீங்க. கூடவே மாத்திரை போட்டீங்களா, தீந்து போச்சா, கால் வீங்குதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. அவங்களாச் சொல்ல மாட்டாங்க. எங்க அண்ணனும் சொல்லலை, நானும் கேக்கலை.