பாதி வழியில் திரும்புதல்

நோர்வேயில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளுக்குப் பாடசாலையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வந்து சேரும்: கம்பளி உள்ளுடை, மழைச்சட்டை, உட்காருவதற்கு ஒரு பாய்த்துண்டு, சுடுதண்ணீர்ப் போத்தல், மாற்றுக் காலுறை. வகுப்பு முழுவதும் காட்டுக்கோ மலைக்கோ போகிறது. பத்தாண்டுக் கட்டாயக் கல்வி முடிவதற்குள் ஒரு தடவையாவது மூன்று இரவுகள் முகாமில் தங்கும் வாய்ப்பைத் தரவேண்டிய கடமையும் உள்ளூராட்சிக்கு உண்டு. நம்மவர்களிடம் இதற்கு இரண்டு விதமான வரவேற்பு. கணிதத்துக்குப் போகவேண்டிய நேரம் குளிரில் வீணாகிறது என்பார்கள் சிலர். நம் பிள்ளையும் இந்த நாட்டுப் பிள்ளைகளைப் போலத் துணிச்சலாக வரட்டும் என்பார்கள் வேறு சிலர். முதலாமவர் இதை விளையாட்டு என்று எண்ணுகிறார், இரண்டாமவர் வீரம் என்று எண்ணுகிறார். என் கணிப்பில் காட்டுவெளிக் கல்வியின் நடுப்பாடம் முடிவெடுத்தல். எப்போது போகக்கூடாது, போனபின் எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்பதே அங்கே முதலில் படிக்க வேண்டியது. தீ மூட்டுவதும் முடிச்சுப் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

இந்த நாடு அதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1967 ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். காலில் பனிச்சறுக்குப் பலகையோடு பிறந்தவர்கள் நாங்கள் என்று பெருமை பேசும் சமூகத்துக்கு அது பேரிடி. செஞ்சிலுவைச் சங்கமும் 1868இல் தொடங்கிய நோர்வே நடைபயணச் சங்கமும் சேர்ந்து மலை விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016இல் திருத்தி எழுதப்பட்ட அவை இன்று ஒன்பது. க்விக் லுன்ஷ் சொக்லேட் உறையின் உட்புறத்தில்கூட அவற்றைப் பார்க்கலாம். வாசித்தால் கைத்திறன் பற்றி அதிகம் இல்லை என்பது தெரியும். வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தச் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். மற்றவை பெரும்பாலும் தீர்மானங்கள். திட்டமிடு, போகும் வழியை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. உன் வலுவுக்கும் அன்றைய நிலைமைக்கும் தக்கபடி வழியை மாற்று. வானிலையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார். திரும்புவதில் வெட்கமில்லை, நேரத்தோடு திரும்பு. கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்று இங்கே பாலர் பாடசாலையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளையை முற்றத்துக்கு அனுப்ப அது நல்ல வாசகம். மலைக்கு அது பொய். வெப்பமானி -10 பாகை காட்டும்போது விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறத்தாழ -20 பாகைக் குளிர்.

மலையில் செய்யும் முதலுதவியும் இந்தப் பாடத்தோடு ஒட்டியதுதான். ஒஸ்லோ நகரில் 113ஐ அழைத்தால், அம்புலன்ஸ் வரும்வரை சிறிது நேரம் சமாளிக்கத் தெரிந்தால் போதும். மேட்டுநிலத்தில் அந்தச் சிறிது நேரம் பல மணியாகலாம். அங்கே கணுக்கால் முறிந்தவரைக் கொல்வது முறிவு அன்று. நடக்க முடியாமல் ஒரே இடத்தில் கிடக்கும்போது ஏறும் குளிர். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்கிவிட்டது. நடுங்கும்வரை உடல் போராடுகிறது. நடுக்கம் அடங்கிப் பேச்சும் குழறினால் நிலைமை மோசம். அவரைக் காற்றுப் படாமல் மறைக்க வேண்டும், நிலத்தின் குளிர் ஏறாதபடி அடியில் பாயோ முதுகுப்பையோ மரக்கிளையோ போடவேண்டும், ஈரத்தை நீக்கிப் போர்த்த வேண்டும். மது கொடுக்கக்கூடாது. கைகாலைத் தேய்க்கவும் கூடாது. தைலம் போட்டு உரசிச் சூடேற்றும் நம் வீட்டு வைத்தியம் இங்கே கெடுதல். கடுமையாகக் குளிர்ந்தவரை முரட்டுத்தனமாகப் புரட்டினால் இதயத் துடிப்பே குலைந்துபோகலாம். 1999 மே மாதம் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது விழுந்து, ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடங்கள் சிக்கிக்கிடந்தார் சுவீடன் மருத்துவர் அன்னா போகென்ஹோல்ம். அவருடைய உடல் வெப்பம் 13.7 பாகை வரை இறங்கியது. ட்ரொம்சோ பல்கலைக்கழக மருத்துவமனையில் இரத்தத்தை உடலுக்கு வெளியே சுற்றவிட்டுச் சூடாக்கி அவரைப் பிழைக்கவைத்தார்கள். பிற்பாடு அவர் அங்கேயே வேலையும் பார்த்தார். மருத்துவ அற்புதமாகச் சொல்லப்படும் கதை இது. எனக்கு முக்கியம் அதன் முன்பாதி. கூடச் சென்ற இருவர் அவர் மேலும் உள்ளே இழுபடாதபடி பிடித்துக்கொண்டு உடனே உதவிக்கு அழைத்தார்கள். வெளியே எடுத்ததும் தொடங்கிய நெஞ்சழுத்தம் ஹெலிகொப்டரிலும் நிற்கவில்லை. உடல் நன்றாகக் குளிர்ந்த பிறகே இதயம் நின்றது என்பது அவருடைய அதிர்ஷ்டம். எல்லாருக்கும் அது வாய்க்காது.

ஹெலிகொப்டர் இருக்கும் நாட்டில் நாம் ஏன் இதையெல்லாம் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மீட்புக்குக் கட்டணம் கிடையாது. சோலாவிலும் பூடோவிலும் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இரவு பகலாக விழித்திருக்கின்றன. ஆனால் பனிச்சரிவில் புதைந்தவருக்கு நேரக் கணக்கு வேறு. முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதற்குள் வானத்திலிருந்து யாரும் வந்து சேர்வது அரிது. பக்கத்தில் நடப்பவரிடம் இருக்கும் சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வாரியுமே மீட்புப்படை. அப்படியானால் கருவியும் பயிற்சியும் இருந்தால் போதுமா? இயன் மக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதியது இந்த இடத்தில் உறைக்கிறது. பழகிய சரிவுகளில், நல்ல பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியில்லாதவர்கள் அளவுக்கே ஆபத்தைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். தலைவராகத் தோன்றியவரைக் கேள்வி கேட்காமல் பின்தொடர்வதும் அவர் காட்டிய பொறிகளில் ஒன்று. இது நம் வீடுகளுக்கு நேராக வந்து படும் செய்தி. மாமாவோ அண்ணையோ முன்னே நடந்தால் பின்னால் வரும் பதினாலு வயதுப் பிள்ளை, “எனக்குச் சரியாகப் படவில்லை, திரும்புவோம்” என்று சொல்வது நம்மிடையே வாய்க்கொழுப்பு. மலையில் அந்தப் பிள்ளையின் வாயை அடைப்பதுதான் ஆபத்து. குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்கு ஏற்றபடி வேகம், மிகவும் தயங்குபவருக்கும் பேச உரிமை என்ற ஒழுங்கைத்தான் நல்ல வழிகாட்டிகள் முதலில் ஏற்படுத்துவார்கள்.

இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, நமக்குரியது அன்று என்ற பேச்சும் உண்டு. விலையுயர்ந்த மேலங்கிகளைக் கடையில் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரமும் போடலாம். காசும் கேட்கமாட்டார்கள், கடவுச்சீட்டும் கேட்கமாட்டார்கள். புவா இரவல் நிலையங்களில் முதுகுப்பையும் பனிச்சறுக்குப் பலகையும் இலவசமாகவே கிடைக்கின்றன. நமக்குப் புதியது என்பதும் முழு உண்மையில்லை. வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் வள்ளத்தை இறக்கக்கூடாது என்று தெரிந்து வைத்திருந்த கரையோர மக்களின் பிள்ளைகளும் இங்கே வந்திருக்கிறார்கள். நம்மவர் பலர் 1970களின் கடைசியிலிருந்து மக்கள் உயர்பாடசாலைகளின் மாணவர்களாக நோர்வேக்கு வந்து, பிறகு ஃபின்மார்க் கரையின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். அந்த வகைப் பாடசாலைகள் பலவற்றில் காட்டுவெளி வாழ்க்கை இன்று ஓராண்டுப் பாடநெறியாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. திரும்புவதில் வெட்கமில்லை என்பது திரும்பிப் போக வீடு உள்ளவனின் விதி என்பார்கள். எல்லை தாண்டி, காணி விற்று, முகவருக்குக் காசு கொடுத்து வந்தவனுக்குப் பாதி வழி என்று ஒன்று இருக்கவில்லை. அது உண்மை, அந்தத் தலைமுறையை எந்த மலை விதியாலும் அளக்க முடியாது. ஆனால் அவர்கள் நின்றிருந்தால் நட்டம், நடந்தால்தான் உயிர். பனிமூட்டம் இறங்கும் மேட்டில் கணக்கு தலைகீழ்: சிகரம் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும், இன்று தொடர்வதால் கிடைக்கப்போவது ஒரு படம் மட்டுமே. தப்பியோடிய காலத்தில் உயிரைக் காத்த பிடிவாதத்தைப் பெற்றோர் குணமாகவே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். தொடங்கினால் முடி, பின்வாங்காதே என்கிறார்கள். அதைப் படிப்பிலும் வேலையிலும் வைத்துக்கொள்ளட்டும். மலைக்குப் போகும் நாளில் மட்டும், காலை எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று முடிவுசெய்யும்போதே, எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்பதையும் பிள்ளையோடு சேர்ந்து முடிவுசெய்து, அந்த நேரத்தை வீட்டில் இருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.