தாய் தந்த பங்கு

ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கலையைப் பல்லாண்டுகளாய் ஓதிக்கொடுத்து வருகிறோம். பிள்ளைகளை விட்டு ஒருவன் இறப்பின் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று எனப் பங்குகள் அதில் வரையறுத்து நிற்கும். உடலின் வாரிசுரிமை அத்தகையதன்று.

உயிரணுவுக்கு ஆற்றலை ஆக்கித்தரும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியே 37 மரபணுக்கள் உண்டு. அவை தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகின்றன. தந்தைக்கு அதில் பங்கில்லை. நல்லதும் பழுதுற்றதும் கலந்திருக்கும் தாயிடமிருந்து ஒரு பிள்ளைக்குச் சிறிதும் மறு பிள்ளைக்குப் பெரிதுமாய்ப் பழுது போய்ச் சேரலாம். மிகுந்துவிட்டால் மூளை, இதயம், தசை, கண் எல்லாம் தளரும்.

முல்லா வீதியில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இந்நோய்க்கு முதற்பிள்ளையைப் பறிகொடுத்தவர், மனைவி மீண்டும் கருவுற்ற சில வாரங்களில் வந்தார். "ஹஜ்ரத், கருவைச் சோதித்துப் பார்க்கலாமா? உம்மாவோ அவளைத்தான் குறை சொல்கிறார்கள்" என்றார். பின்னதற்கே முதலில் விடை சொன்னோம். அவளும் பெரும்பாலும் தன் தாயிடம் பெற்றதையே கொடுத்திருப்பாள். பெறும்போது அவளை யார் கேட்டார்கள்? உட்கருவின் மரபணுப் பழுதாலும் இவ்வகை நோய்கள் வருவதுண்டு. அவற்றுள் பலவற்றில் தாய், தந்தை இருவருமே பழுதைச் சுமந்திருப்பர். மாமன் மகளை மணக்கும் நம் பக்கத்தில் அதை எவரும் பேசுவதில்லை.

சோதனை, 11ஆம் வாரம் முதல் நஞ்சுக்கொடியின் சிறு திசுவை எடுத்தோ, 15ஆம் வாரத்திற்குப் பின் பனிக்குட நீரை எடுத்தோ செய்யப்படுவது. குடும்பத்தில் எந்தப் பழுது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். உட்கருவின் பழுதாயின் பெரும்பாலும் தெளிவான விடை வரும். தாய்வழிப் பழுதிலோ நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கே கிடைக்கும். ஐந்தெனில் ஆறுதல், தொண்ணூறெனில் அச்சம். ஐம்பதெனில் மருத்துவரும் மௌனமாவார்.

1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பால் அறிவதைத் தடுத்து, இத்தகைய நோய் அறிவதற்கு இடமளிக்கிறது. மக்காவில் 1990இல் கூடிய ஃபிக்ஹுப் பேரவை, தீராக் கொடுங்குறை உண்டென மருத்துவர் குழு உறுதிசெய்தால் 120 நாள்களுக்குள் கருவைக் கலைக்க இசைந்தது. அதற்குப் பின் தாயின் உயிருக்காக அன்றி இசையவில்லை. இந்நாள்கள் கருவுற்றது முதல் எண்ணப்படுபவை. மருத்துவரோ கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார். அவர் கணக்கில் இது ஏறத்தாழ 19 வாரம். நீர் எடுத்து, விடைக்குக் காத்திருந்தால் எஞ்சுவது எத்தனை நாள்?

1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஜிப்மராய் வளர்ந்து நிற்கும் புதுச்சேரியில் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, வாரங்களுக்குத்தான் பஞ்சம். நாள்களை எண்ணித் தாளில் எழுதிக் கொடுத்து, மறுநாளே மரபியல் மருத்துவரிடம் போகுமாறும், உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுமாறும் சொல்லி அனுப்பினோம்.