பால் சிந்திய சாலை

கொல்லிமலையின் அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. காரவள்ளிக்கு மேல் மலைவழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகும் பலாவும் அன்னாசியும் ஏற்றிய வண்டிகள் அவ்வளைவுகளில் ஊர்ந்து இறங்கிச் சமவெளியைக் கண்டதும், கட்டவிழ்ந்த காளைபோல் விரைதல் உண்டு. அதே சாலையின் ஓரத்தில் பால்காரரும் உழவரும், அரசு வழங்கிய மிதிவண்டியில் மேனிலைப் பள்ளி மாணவரும் நாள்தோறும் செல்கின்றனர்.

வைகறையில் பால் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் மிதிவண்டியில் வருகின்றான் எனக் கொள்க. பின்னால் வந்த லாரி ஒன்று, ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் அவனை முந்துகின்றது. அவன் நிலைதடுமாறி மண்ணோரத்தில் வீழ்கின்றான். முழங்கை சிராய்கின்றது, பால் முழுதும் மண்ணில் ஓடுகின்றது. லாரியோ ஏதும் நிகழாததுபோல் சற்றுத் தொலைவிலுள்ள தேநீர்க் கடையருகே சென்று நிற்கின்றது.

அவன் சினம் கொள்வதைத் தவறென்று யார் கூறுவர்? அந்த நொடியில் சட்டமும் அவன் பக்கமே நிற்கின்றது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு ஊறு நேரும் வண்ணம் பொதுவழியில் வண்டி ஓட்டுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 184-ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுதலைத் தனிக் குற்றமாக வைத்துள்ளது.

இனி அவன் தேநீர்க் கடையை நோக்கி விரைகின்றான். லாரி நகராதபடி மிதிவண்டியைக் குறுக்கே கிடத்தினால், அது 126-ஆம் பிரிவு கூறும் முறையற்ற தடுப்பு ஆகலாம். ஒரு திங்கள் வரை சிறை உண்டு. கல்லெடுத்துக் கண்ணாடியை உடைத்தால் 324-ஆம் பிரிவு வரும். ஓட்டுநரை ஓர் அறை அறைந்தாலோ, 115-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ நேரலாம். அவனை வீழ்த்தியவனுக்கு 281-ஆம் பிரிவு வைத்த உச்ச அளவு ஆறு திங்கள். அவன் கொடுத்த அறைக்கு வைத்த உச்ச அளவு ஓராண்டு! கேட்போர் வியப்பர், எனினும் ஏட்டில் உள்ளது இதுவே. கடுமையாகவும் திடீரெனவும் சினமூட்டப்பட்டு அடித்தான் என்பது மெய்ப்பட்டால் 122-ஆம் பிரிவு தண்டனையைக் குறைக்கும், குற்றத்தைத் துடைக்காது. தற்காப்பு என்று கூறவும் இயலாது. லாரி கடந்து சென்றதும் ஆபத்து நீங்கிவிட்டது. அதன்பின் ஓங்கிய கை காக்கும் கை ஆகாது.

சான்றின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. லாரி உரசுவதுபோல் சென்றது இமைப்பொழுது. அதனைக் கண்டார் எவரும் இலர். அறை விழுந்ததோ பத்துப் பேர் முன்னிலையில். இக்காலத்தில் அவருள் ஒருவர் கைப்பேசியில் அதனைப் படமும் பிடித்திருப்பார். மண்ணில் சிந்திய பால் அப்படத்தில் இராது.

கை ஓங்கியதன் விளைவு எத்தனை ஆண்டு தொடரும் என்பதற்குப் பாட்டியாலா வழக்கு ஒன்றே போதும். 1988 டிசம்பர் 27 அன்று அந்நகரில் வண்டிக்கு வழிவிடுவது பற்றி எழுந்த பூசலில், கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து ஒரு முதியவரைக் கையால் தாக்கினார். முதியவர் இறந்தார். இறப்புக்கு அவ்வடியே காரணம் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கொண்ட உச்ச நீதிமன்றம், காயம் விளைவித்த குற்றத்திற்கு 2018-இல் 1,000 ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. மறுசீராய்வில், 2022 மே 19 அன்று, அத்துடன் ஓராண்டுக் கடுங்காவலும் சேர்த்தது. உடல்வலி மிக்க ஒருவரின் வெறுங்கையும் ஆயுதமாகலாம் என்பது நீதிபதிகளின் கருத்து. சாலையில் சில நிமிடங்கள் நிகழ்ந்த பூசல் 33 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. வழி கேட்டவரோ வீடு திரும்பவேயில்லை. சினந்து நிற்பவனை எதிர்த்துச் செல்வோர் இவ்விரண்டாம் செய்தியையும் எண்ணுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் எளியவன் வாய்மூடிச் செல்வதா? அன்று. புகாரைப் பதிவு செய்தால் முதல் தகவல் அறிக்கையின் படியை அவனுக்குக் கட்டணமின்றித் தருதல் வேண்டும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். வண்டியை ஓட்டியவர் யார் எனக் காவலர் கேட்டால், உரிமையாளர் கூறியே ஆகவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. இவை விரைந்து நடவா. பலமுறை அலைய நேரும். ஆயினும் அவன் அங்கே வழக்குத் தொடுப்பவனாக நிற்பான். குற்றவாளிக் கூண்டில் நில்லான்.

தேநீர்க் கடையின் பெரியவர் ஒருவர் அவன் தோளைப் பற்றி நிறுத்துகின்றார். "தம்பி, கை கிடக்கட்டும். வண்டியின் எண்ணைப் பார்த்தாயா?" என வினவுகின்றார்.

"பார்க்கவில்லை, ஐயா."

"அதோ நிற்கிறது. போய்விடுமுன் எழுதிக்கொள்."

இளைஞன் சட்டைப் பையிலிருந்த பால் கணக்கு அட்டையை எடுக்கின்றான். அன்றைய நாளுக்கு நேரே, பாலின் அளவை எழுதவேண்டிய இடத்தில், லாரியின் எண்ணை எழுதுகின்றான்.