சயாமுக்கு இரண்டு பயணச்சீட்டு

கோலாலம்பூரிலிருந்து பேங்காக்கிற்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். நானும் என் கணவரும் ரயிலில் போனோம். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை என ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஆளுக்கொரு முதுகுப்பை, இரண்டு வார விடுப்பு, எங்கேயும் விமானம் ஏறுவதில்லை என்ற ஒரே ஒரு நிபந்தனை. காஞ்சனாபுரி, பேங்காக், சாமுய் தீவு, பினாங்கு என்று சுற்றிவிட்டுத் தரை வழியாகவும் கடல் வழியாகவுமே வீடு திரும்பினோம்.

“மலிவு விலையில் விமானச் சீட்டு கிடைக்கும்போது ஏன் இந்தத் தொல்லை?” என்று கேட்காத உறவினர் இல்லை. வானொலி நிலையத்தில் உடன் பணிபுரிபவர்களும் கேட்டார்கள். செலவை மிச்சப்படுத்த என்று சொல்லியிருந்தால் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். உண்மையான காரணம் வேறு. இந்தத் தண்டவாளத்தில் நம் குடும்பங்கள் ஏற்கெனவே போயிருக்கின்றன. பலர் திரும்பி வரவில்லை. மேலே பறந்து போகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

கிள்ளானில் ஒத்திகை

பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, நிரப்பிய முதுகுப்பையோடு ஓர் ஒத்திகை பார்த்தோம். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலேறிக் கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால், படகுத்துறை நடக்கும் தூரம்தான். அங்கிருந்து புலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு போகிறது. சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கும் சீன மீனவர்களின் வீடுகள், பலகைப் பாலங்களாகவும் சிமெண்டு நடைபாதைகளாகவும் ஓடும் தெருக்கள். கார் கிடையாது. மிதிவண்டியும் மின்சார வண்டியும்தான். தலைநகரின் பரபரப்பிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தீவு இது. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் போர்ட் கிள்ளானைப் படகுத்துறையாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. 1901-இல் திறக்கப்பட்டபோது இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் வந்த நம் முன்னோர்களில் ஏராளமானோர் இந்த நாட்டு மண்ணில் முதல் அடி வைத்தது இங்கேதான். இறங்கியவர்கள் கங்காணி காட்டிய பாதையில் ரயிலேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த ரயில் பாதை 1886-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. இன்று குளிரூட்டிய பெட்டியில் கைப்பேசி பார்த்தபடி நாம் போவதும் அதே வழித்தடம்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸும் அப்படித்தான். மரமும் அத்தாப்பும் கொண்ட கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, 1880-களில் நகரைச் செங்கல்லால் மறுபடி கட்டினார்கள். அதற்கான சூளைகள் இருந்த இடம் என்பதால் இந்தப் பெயர். பிறகு இது ரயில்வேக்காரர்களின் ஊரானது. பணிமனை, சரக்கு முற்றம், குடியிருப்பு வரிசைகள், அவற்றில் இந்தியத் தமிழர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும். அந்த ரயில்வே நிலத்தின்மேல்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. துன் சம்பந்தன் சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால், சயாம் எல்லைக்குப் போகும் ரயிலைப் பிடித்துவிடலாம்.

அத்தை சொன்னது

கிள்ளானில் இருக்கும் என் மாமியாரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, “தாய்லாந்து” என்றேன். தலையாட்டினார். “ரயில்ல போறோம் அத்தை” என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “ரயில்ல சயாமுக்கா?” என்றார்.

அவருடைய தலைமுறைக்கு அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் ஒரே பொருள்தான். அவருடைய தாத்தா 1943-இல் கிள்ளானை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பானியர்களால் அழைத்துப் போகப்பட்டவர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்களாம். போனவரைப் பற்றி ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியவில்லை. ஆடி அமாவாசையில் பொதுவாகப் படையல் போட்டார்கள். பாட்டி சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை என்று அத்தை சொன்னார். “யாரும் வந்து செத்துட்டார்னு சொல்லலையே” என்பதுதான் பாட்டியின் பதிலாம்.

கிளம்பும்போது அத்தை ஒன்றே ஒன்று கேட்டார். “அங்க ஆறு இருந்தா, அவர் பேரைச் சொல்லி ஒரு கை தண்ணி விட்டுட்டு வாங்க.”

சரக்குப் பெட்டியும் படுக்கை வண்டியும்

காலையில் கேஎல் சென்ட்ரலில் ஏறிய இடிஎஸ் மின்சார ரயில், ஈப்போ, தைப்பிங், அலோர் ஸ்டார் என்று வடக்கே ஓடி, ஐந்தரை மணி நேரத்தில் பாடாங் பெசாரில் விட்டது. மலேசியக் குடிநுழைவு, தாய்லாந்துக் குடிநுழைவு இரண்டும் ஒரே நிலையத்துக்குள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, மாலையில் தாய்லாந்தின் படுக்கை வண்டியில் ஏறினோம். இருட்டியதும் பணியாளர் வந்து இருக்கைகளைக் கட்டிலாக்கி, வெள்ளை விரிப்பு போட்டுத் திரையும் கட்டிவிட்டுப் போனார்.

அன்று போனவர்களுக்குச் சரக்குப் பெட்டிகள்தான். வெயிலில் கொதிக்கும், இரவில் குளிரும். படுக்க இடமில்லாமல் நாள்கணக்கில் அடைந்து கிடந்து, பான் போங் என்ற ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

அந்தப் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பர்மாவில் இருந்த தன் படைகளுக்குக் கடல் வழியே பொருள் அனுப்புவது ஆபத்தானதால், ஜப்பான் 1942-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதையைத் தொடங்கியது. நோங் பிளாடுக்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் நிறைந்த அந்தப் பாதையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். பசி, மலேரியா, 1943 மழைக்காலத்தில் பரவிய காலரா. ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களுக்குப் போதிய மருத்துவர்களும் இல்லை, பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்ட அதிகாரிகளும் இல்லை.

காலை விடிந்தபோது ரயில் பான் போங்கைக் கடந்தது. சாதாரண ஊர். நாங்கள் பேங்காக் வரை போகாமல் நாக்கோன் பத்தோமில் இறங்கி, தோன்புரியிலிருந்து வரும் உள்ளூர் ரயிலுக்கு மாறினோம். மின்விசிறி, திறந்த சன்னல், தட்டில் சோறு விற்கும் அம்மாக்கள். அது நோங் பிளாடுக்கில் பிரிந்து, அந்தப் பழைய பாதையிலேயே போகிறது.

காஞ்சனாபுரி

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வெட்டி ஒழுங்குபடுத்திய புல்வெளி, வரிசையாகக் கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த நாள். வயதுகளைப் படித்துக்கொண்டே போனோம். 22, 24, 31. அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான், மனம் கனத்தது. என் கணவர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வரியில் நின்றார். “எல்லாத்துலயும் தேதி இருக்கு பாரு” என்றார். அவர் வீட்டில் இல்லாமல் போனது அந்த ஒரு தேதிதான்.

நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது? கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேகரித்து அடக்கம் செய்த இடம் அங்கே இருக்கிறது. அதே கோயிலில்தான் 2023 மே 1, தொழிலாளர் தினத்தன்று, மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் திறக்கப்பட்டது. தாய்லாந்துத் தமிழ்ச் சங்கம் முன்னின்று எடுத்த முயற்சி, மலேசியத் தமிழர்களும் தோள் கொடுத்தார்கள். ரயில் பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழித்து வந்த கல் அது. சுற்றுலாப் பேருந்துகள் பாலத்துக்கும் கல்லறைக்கும்தான் போகின்றன. நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் நடுகல் பக்கம் வேறு யாரும் வரவில்லை.

பாலத்துக்கும் போனோம். 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் அதை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், அதில் தமிழ்த் தொழிலாளர்களின் கதை இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வரும் பயணிகளுக்காக ஆற்றின் இந்தப் பகுதிக்கே பின்னாளில் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். நம் கதையை நம் எழுத்தாளர்கள்தான் சொன்னார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களைப் பயணத்துக்கு முன் தேடிப் படியுங்கள்.

பாலத்தடியில் கூட்டம். சற்றுத் தள்ளிக் கரையோரமாக இறங்கி, அத்தைக்கு வீடியோ அழைப்பு போட்டோம். அவர் பெயரைச் சொல்லச் சொல்ல, என் கணவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி விட்டார். அத்தை பேசவே இல்லை. கடைசியில், “தண்ணி ஓடுதா?” என்று மட்டும் கேட்டார். “ஓடுதும்மா” என்றார் இவர்.

மறுநாள் நாம் தோக் வரை ரயிலில் போனோம். ஆற்றை ஒட்டிய பாறைச் சரிவில், மரக் கால்களின் மேல் நிற்கும் வாம்போ பாலத்தில் ரயில் நடை வேகத்தில் ஊர்கிறது. எல்லாரும் சன்னல் வழியே படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். அழகான இடம், அதில் சந்தேகமில்லை. சுவாரசியமாக ஊர் சுற்ற வந்தோமே என்று குற்ற உணர்ச்சி கொள்ளவும் தேவையில்லை. அவர்கள் போட்ட பாதையில் அவர்கள் பேரப்பிள்ளைகள் விருப்பப்பட்டு, பயணச்சீட்டு வாங்கி, சிரித்துப் பேசிக்கொண்டு போவது அவர்களுக்கு அவமரியாதை ஆகாது.

தீவுகள் வழியே வீட்டுக்கு

அதன் பிறகு எங்கள் பயணம் எல்லாருடைய பயணத்தையும் போலத்தான். பேங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோயிலில் இன்று தாய்லாந்து மக்கள்தான் கூட்டம் கூட்டமாகப் பூத்தட்டோடு நிற்கிறார்கள். பிறகு ரயிலில் சூராட் தானி, அங்கிருந்து பேருந்தும் படகுமாகச் சாமுய் தீவு. நான்கு நாள் கடல், இளநீர், சும்மா இருத்தல். ஹாட்யாய் வழியாகப் பட்டர்வொர்த் வந்து, படகேறிப் பினாங்கு. அந்தத் தீவின் கிழக்கே ஜெரெஜாக் என்ற சிறு தீவு தெரிகிறது. கப்பலில் வந்தவர்களை நோய்த் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அங்கே வைத்திருந்துதான் உள்ளே விட்டார்கள். போர்ட் கிள்ளானில் தொடங்கிய கதையின் இன்னொரு வாசல் அது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மலேசியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்ப வேண்டும். பள்ளி விடுமுறையில் இடிஎஸ் இருக்கைகளும் தாய்லாந்துப் படுக்கைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம். காஞ்சனாபுரிக்கு இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில் உள்ள மரண ரயில் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கிளம்பும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், “நம்ம குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போனாங்களா?” என்று கேளுங்கள். 1943-இல் 18 வயதில் போனவர் இன்று இருந்தால் 100 வயதைத் தொட்டிருப்பார். அவர்களை நேரில் கண்டு கதை கேட்ட கடைசித் தலைமுறை இப்போது நம் அம்மாக்களும் மாமியார்களும்தான். பெயர், தோட்டம், எந்த ஊர் நிலையத்தில் ஏற்றினார்கள், எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவையும் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். குரலை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் சொல்கிறேன், எழுதி வைத்த பெயரைவிட அவர்கள் வாயால் சொன்ன பெயர் பேரப்பிள்ளைகளிடம் நெடுநாள் நிற்கும்.

திரும்பி வந்த பிறகு அத்தையை உட்காரவைத்து நானும் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் பேசினார். தாத்தாவுக்கு உருமி அடிக்கத் தெரியும் என்பது என் கணவருக்கே அன்றுதான் தெரியும்.