தண்ணீர் வடியட்டும், அங்கேயே நில்!

காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் பாதையில், சம்மாந்துறைக்கு முன்னால் வருவது எங்கள் மாவடிப்பள்ளி. சிறிய ஊர். சுற்றிவர வயல் வட்டைகள், ஒட்டினாற்போல் ஆறு. எங்கள் பகுதியில் திருமணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பிறந்தது முதல் இந்தத் தண்ணீரைப் பார்த்தே வாழ்பவள் நான்.

தண்ணீர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. அந்த நீரில் இங்கே வெள்ளாமை விளைகிறது. உம்மாவின் காலத்தில் நீரோரத்துப் பன்னை வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பார்கள். அந்தக் காசில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகமும் வந்தன.

ஆனால் மாரியில் நிலைமை வேறு. மேற்கே பெய்யும் மழையெல்லாம் எங்களைத் தாண்டித்தான் கடலுக்கு ஓடவேண்டும். பாதைக்கு மேலால் வெள்ளம் பாயும். பார்த்தால் முழங்கால் அளவு போலிருக்கும். பாதையின் ஓரம் எங்கே முடிகிறது என்பது தெரியாது. உழவு இயந்திரம் உயரமானதுதானே என்று நம்பி ஏறுவோம். ஓடுகிற தண்ணீர் அதையும் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அதுதான் நடந்தது. மழையால் விடுமுறை கிடைத்து நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் இங்கே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 6 மாணவர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளைத் தேடி நாட்கணக்கில் கரையில் நின்றவர்களை எங்கள் ஊர் மறக்காது.

சகோதரிகளே, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். மழை இருண்டால் "எப்படியாவது வந்து சேர்ந்துவிடு" என்று சொல்வது தாய் மனம். பெற்ற வயிறு அப்படித்தான் துடிக்கும். வெள்ள நாளில் அந்த அழைப்பே பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடக்கூடும்.

என் மகள் கல்முனையில் படிக்கிறாள். மழை வலுத்தால் சாய்ந்தமருதில் சாச்சி வீட்டில் தங்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு முடிவு. மாற்றுடுப்பு ஒன்று அங்கே எப்போதும் இருக்கிறது. மாரி தொடங்குமுன் நீங்களும் இதைப் பேசி வையுங்கள். பாடசாலையின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

ஓரிரவு பிள்ளை இல்லாமல் விடிவது கஷ்டம்தான். விடிந்ததும் பிள்ளை வந்துவிடும்.