சுவரில் குடியிருக்கும் உண்ணி

நாயின் மேல் தெரியும் உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். சுவரைக் கவனிக்காதவரை அது தீராது. எங்கள் ராஜபாளையம் நாய் ராசு நோயில் விழுந்து எழுந்தபோது நான் படித்துக்கொண்ட பாடம் இது. பெரிய நாய் வளர்க்கிற யாரைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ராசு முப்பது கிலோவுக்கு மேல் இருப்பான். வெள்ளை உடம்பு, குட்டை முடி. உண்ணி ஏறினால் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் முதுகில் தெரிவது கொஞ்சம்தான். காது மடலின் உள்மடிப்பில், கால்விரல் இடுக்குகளில், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வாலடியில்தான் கூட்டமே இருக்கும். உடம்பு பெரிது என்றால் ஒளிய இடமும் அதிகம். முடிக்கு எதிர்த்திசையில் விரலை ஓட்டினால்தான் சின்ன உண்ணி தட்டுப்படும். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி, ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் தொங்கும்.

ஒரு கோடையில் அவன் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். உடம்பு கொதித்தது. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, முன்னங்கால் முடியில் காய்ந்திருந்தது. பரிசோதித்ததில் ரத்தத் தட்டணுக்கள் அபாயமாகக் குறைந்திருந்தன. "உண்ணிக் காய்ச்சல் சார். எர்லிக்கியான்னு ஒரு கிருமி" என்றார் டாக்டர். 1935-இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் கண்டறியப்பட்ட கிருமி அது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் ஏராளமாக இதற்குப் பலியாயின. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

நாலு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. "தயிர்ச்சோத்துல பிசைஞ்சு குடுத்துருவோமே" என்றார் அம்மா. "வேண்டாம்மா, பால், தயிரோட குடுத்தா மருந்து உடம்புல சரியாச் சேராது. கோழிச் சோத்துல வைங்க" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பி, "இவன் படுக்குற இடத்தை ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் காரை பெயர்ந்த விரிசலிலிருந்து உண்ணிகள் சுவரில் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கதவு நிலையின் இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு குவியல். ஈர்க்குச்சியால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தனையும் முட்டை.

நாய் உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை. வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, இடுக்குத் தேடிப் போய், நாலாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரித்து வரும் ஆறுகால் குஞ்சு நாயில் ஏறிக் குடித்து இறங்கும். தோலுரித்து எட்டுக்கால் பருவமாகி மறுபடி ஏறும். முழு வளர்ச்சியடைந்து மூன்றாம் முறை ஏறும். ஏறாத காலமெல்லாம் வாசம் சுவரில்தான். ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

கொத்தனாரைக் கூப்பிட்டு விரிசல்களை எல்லாம் பூசினோம். ராசு படுத்த சாக்கை எரித்தோம். டாக்டர் எழுதிக்கொடுத்த பூச்சிமருந்தைச் சுவரிலும் நிலையிலும் தெளித்து, நன்றாகக் காயும்வரை அவனை அந்தப் பக்கம் விடவில்லை. முட்டைக்குள் இருப்பவை தப்பிவிடும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடியும் தெளித்தோம்.

உடம்புக்கான மருந்தில் எடைதான் எல்லாம். தோளில் ஊற்றும் ஃபிப்ரோனில் 10 கிலோ வரை, 20 வரை, 40 வரை, 60 வரை என்று எடைவாரியாகத் தனித்தனிக் குப்பியில் வருகிறது. குத்துமதிப்பாக வாங்கக் கூடாது; பெரிய நாய்க்குச் சிறிய குப்பி போதவே போதாது. முடியை விலக்கித் தோலில் படும்படி ஊற்ற வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. ஃப்ளுரலானர் போன்ற மாத்திரை கொடுத்தால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். அதனால் உடம்பில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று ஆகாது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாங்கவே கூடாது. பூனை உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் உள்ளே விஷம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

உண்ணியோடு தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா என்று அறிய ஈரப்பஞ்சு போதும். முடியிலிருந்து உதிரும் கருந்தூளை அதில் வைத்தால் சிவப்பாகக் கரையும். அது செரித்த ரத்தம். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் தரைத் தூசியில் இருப்பதால் தினமும் மூலைமுடுக்கைக் கூட்டி அள்ளுவதே பாதி வைத்தியம்.

ராசு தேறிவிட்டான். இப்போதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைப் பக்கத்தில் படுக்கவைத்துக் காதிலிருந்து தொடங்குகிறேன். கிடைக்கும் உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் புட்டியில் போடுகிறேன், விரலால் நசுக்குவதில்லை. எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தெருநாய்கள் இரண்டு படுக்கின்றன. அவற்றின் மேல் உண்ணி இருக்கும்வரை எங்கள் சுவருக்கும் வரும். அதனால் அவற்றுக்கும் டாக்டரிடம் கேட்டே மருந்து வைக்கிறோம். ஒன்று குட்டி போட்டிருக்கிறது, அதற்கு மட்டும் வேறு மருந்து.