வரிசை

ஒரு பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பவன் அதை வரிசை என்று நம்பிவிடுகிறான். நானும் நம்பினேன். அப்பாவின் முந்திரித் தோப்பில் பெய்த ஒரு பருவத்து மழை அதனால் தேதி இல்லாமல் போயிற்று.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அதைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைத்தார். அதிலிருந்து மழை விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு. எந்த நாள் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும், பூக்கிற சமயத்தில் முக்கியமாக. மழை நிரம்பினால் சாயும் சின்னக் கிண்ணம் ஒன்று, சாய்ந்ததை நேரத்தோடு குறித்துவைக்கும் கம்ப்யூட்டர் அட்டை ஒன்று, இவற்றைச் செய்துதர ஒப்புக்கொண்டேன். என் பிழைப்பே அதுதான். மனைவிக்குக் கிடைத்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸின் வராந்தாவில் உட்கார்ந்து இம்மாதிரி அட்டைகளுக்கு லினக்ஸ் கட்டித் தருகிறேன்.

கட்டுவது என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். 2010இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த யோக்டோ என்ற திட்டத்தின் கருவிகளைக் கொண்டு, மூல நிரல்களிலிருந்து பாக்கேஜ்களை உண்டாக்கி, வேண்டியவற்றை மட்டும் ஒரு இமேஜாகச் சேர்த்து மெமரி கார்டில் இறக்குகிறோம். எவை வேண்டும் என்று பெயர்களை ஒரே வரியில் எழுதுகிறோம். எழுதிய வரிசையிலேயே அவை நிறுவப்படும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரு பாக்கேஜ், தான் நிறுவப்பட்டதும் ஓடவேண்டிய சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைக் கூடவே கொண்டுவரலாம். பெரும்பாலும் அது அட்டையில் ஓடுவதில்லை. என் மேஜைக் கம்ப்யூட்டரில், இன்னும் பிறக்காத இமேஜின் அறைகளுக்குள் ஓடுகிறது. என் மழை பாக்கேஜின் ஸ்கிரிப்டுக்கு ஒரே வேலைதான். கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்ற பாக்கேஜின் கான்ஃபிக் கோப்பில், 'நேரத்தை ஜிபிஎஸ்ஸிடம் கேள்' என்ற பொருளில் ஒரு வரி சேர்க்கவேண்டும். தோப்பில் இன்டர்நெட் கிடையாது. கோப்பு இருந்தால் சேர், இல்லாவிட்டால் பேசாமல் போ என்று ஜாக்கிரதையாக எழுதியிருந்தேன். அந்த ஜாக்கிரதைதான் கெடுத்தது.

முதலில் அதற்கு வைத்த பெயர் ஆங்கில எழுத்தில் 'மழை'. எல்லாம் சரியாக ஓடிற்று. தோப்புக்குக் கொண்டுபோகுமுன் ஏதோ ஒரு பாசத்தில் 'அப்பாமழை' என்று மாற்றினேன். அகரவரிசையோ வேறெதுவோ, அதுவரை தற்செயலாக என் பக்கம் நின்ற ஒன்று விலகிக்கொண்டது. இம்முறை மழை முன்னால் வந்தது. கடிகாரத்தின் கோப்பைத் தேடியது, காணாமல் பேசாமல் போயிற்று. குரோனி பின்னால் தன் சொந்தக் கோப்போடு வந்து சேர்ந்தது. பிழை என்று ஒரு எழுத்துக்கூடத் திரையில் இல்லை.

அட்டையில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய்வந்த ஒவ்வொரு முறையும் அது இமேஜ் கட்டின நாளிலேயே கண்விழித்தது. பொங்கல் கழித்துக் கார்டைக் கழற்றிப் பார்த்தால், ஆகஸ்ட் மாதத்து ஒரே செவ்வாய்க்கிழமை பத்தொன்பது முறை விடிந்து, அதில் ஏழு முறை கனமழை.

முதல் காரியமாகப் பட்டியலில் என் பாக்கேஜைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு, கட்டுவதற்கு முன் தேவையானவை என்ற இடத்தில் குரோனியை எழுதினேன். அதுவும் பிசகு. குரோனி முன்கூட்டியே தயாராகும், அவ்வளவுதான். எது முன்னால் நிறுவப்படும் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. கடைசியில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இமேஜ் கட்டப்பட்ட பதிவேட்டைத் திறந்து, எது எதற்குப் பின் வந்தது என்று விரல் வைத்துப் படித்தேன். அப்போதுதான் விளங்கியது. ஓடுவதற்குத் தேவை என்று அறிவிக்க ஆர்டிபெண்ட்ஸ் என்ற இடம் உண்டு. நான் வைத்திருந்த ஆர்பிஎம் முறை அதை மட்டும்தான் மதிக்கும். ஒரு வரி எழுதினேன், சரியாயிற்று. அடுத்தவர் கோப்பில் கைவைக்காமலே செய்திருக்கலாம். அது வேறு வெட்கம்.

இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. ஒரு நிரல் இன்னொன்றின் லைப்ரரியைப் பயன்படுத்தினால் யோக்டோ அந்தக் கடனைத் தானே கண்டுபிடித்து எழுதிக்கொள்கிறது. ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் இன்னொருவர் வீட்டுக் கோப்பை நம்பியிருப்பது அதன் கண்ணில் படாது. நம் விமர்சனமும் இந்த அளவில்தான் இருக்கிறதோ என்று படுகிறது. எழுத்து 1959, நடை 1968, கசடதபற 1970 என்று அடுக்கி, முன்னது பின்னதைப் பெற்றதாக முடித்துவிடுகிறோம். படிமத்தில், சொல்லில் தெரிகிற கடன் அகப்படுகிறது. ஒருவன் இன்னொருவனைத் தேடிப்போய், அவன் இன்னும் வந்திருக்காததால் பேசாமல் திரும்பின இடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இது புதிதாகப் படவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. பம்புகள் அந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் மேல் மண்ணை அகற்றிக் கரியில் கைவைக்க முடியும். 1957 மே 20 அன்று நேரு வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் ஆயிற்று. "தண்ணிய எறக்காம வெட்டினா தளம் பொங்கிரும். ஒன்னோடது பொங்கல, அதான் கோளாறு" என்றார்.

போன பருவத்தை என்ன செய்வது என்று கேட்டார். தேதிகள்தான் பொய், கோப்பில் வரிகள் விழுந்த வரிசை மெய். தோப்பு வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் இருந்தது. பால் கணக்குக்குப் பக்கத்தில், மழை பெய்த நாளில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். என்னிடம் சொல்லவே இல்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து, கார்டின் வரிகளையும் கோடுகளையும் ஒன்றுக்கொன்று பொருத்தினோம். பெரும்பாலானவை பொருந்தின. கார்த்திகையில் பெய்த ஒன்றை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மா ஊருக்குப் போயிருந்த வாரம் என்கிறார் அப்பா. காலண்டரில் அந்த வாரம் பால் கணக்கும் இல்லை.